ஏழரை

வெள்ளி முதல் ஞாயிறு வரை என் பெயர் சாரா.
போஸ்டரில் சாராள் என்று போட்டால்
ஜெபக்கூட்டம் என்று நினைத்துக்கொள்வார்களாம்.
மேனேஜர் கடைசி எழுத்தைக் கத்தரித்துவிட்டார்.
சம்பளத்துக்கும் அதே கத்தரிதான்.

குன்னூர் ரிசார்ட்டின் கண்ணாடிக் கூடத்தில்
சூப்புக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே வாசிக்கிறேன்.
நேயர் விருப்பம் டிஷ்யூ பேப்பரில் வரும்.
பொங்கல் விடுமுறையில் ஒரே ராத்திரி ஐந்து பிறந்தநாள்.
அந்த ஒரே மெட்டை ஐந்து ஸ்கேலில் வாசித்து
என்னை நானே தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

குளிர் விரலைப் பிடிக்கும், ஈரம் கட்டையைப் பிடிக்கும்.
மேல் ஸ்தாயி ரி அமுக்கினால் எழாது,
திங்கட்கிழமைப் பிள்ளை மாதிரி.
ஷூ டப்பாக்களில் வரும் ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து
கீபோர்டு உறைக்குள் அடைத்து வைத்திருக்கிறேன்.
தின்னாதே என்று அதில் அச்சடித்திருக்கிறது.
ஜூலை மாதத்தில் நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய வார்த்தை.

மற்ற நாளெல்லாம் அருவங்காட்டில்
கிரேடு பரீட்சைப் பிள்ளைகள்.
ஒரே பயிற்சியைப் பதினோரு பேர்
பதினோரு விதமாய்த் தப்பாக வாசிக்கிறார்கள்.
சில தப்பு நன்றாக இருக்கிறது.
சொல்வதில்லை. பரீட்சை இருக்கிறது.

சொந்தமாய் ஒரு மெட்டு இருக்கிறது.
இருக்கிறது என்றால்
முக்கால்வாசி.
ஆவணியில் பிடித்தது.
தை பிறந்தும் வழி பிறக்கவில்லை.
நான்கில் வைத்தால் கடைசி அடி வெளியே நீள்கிறது,
குட்டைப் போர்வைக்குள் நெட்டைக் கால்.
மூன்றில் வைத்தால் வால்ட்ஸ் ஆகி
கேக் வெட்டக் கூப்பிடுகிறது.
யாராவது கேட்டால் 'வேலை நடக்குது' என்பேன்,
வீடு கட்டுகிறவர்கள்
ஜல்லிக் குவியலைக் காட்டிச் சொல்வதுபோல.

காஹோன் தட்டும் புவிராஜுக்குப் பகல் வேலை
கேத்தி பாலாடாவில், கேரட் கழுவும் மெஷினில்.
பகல் என்றால் விடிகாலை மூன்றரை.
இரண்டு கல்யாணக் காசு அவனுக்குப் பாக்கி,
கொடுக்கப் போனேன்
(கையில் பாதிதான் இருந்தது).

புல்லில் பனி உப்பாய் உறைந்திருந்தது.
மஞ்சள் பல்பின் கீழே டிரம் சுற்றச் சுற்ற
மண் கழன்று நிறம் வெளியே வந்தது.
தண்ணீர் இரைச்சல், டீசல் நாற்றம், யாருடையதோ இருமல்.
எல்லாவற்றுக்கும் அடியில்
தட தட என்று ஏழு.
பிறகு ஒரு சின்ன நொண்டல்,
அரை.

மறுபடி ஏழு.
அரை.

'கம்பி ஒண்ணு கழண்டு ரெண்டு வாரமாச்சு' என்றான் புவி.
'மொதலாளிக்கும் ஏழரை, மெஷினுக்கும் ஏழரை.'

எனக்குக் காதுக்குள் மெட்டு காலை நீட்டியது.
நீட்ட இடம் இருந்தது.

சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து
கையுறையோடு தொடையில் வாசித்தேன்.
'இந்தப் பொண்ணுக்குக் குளிர் ஜுரமா?'
மேட்டுப்பாளையம் லாரிக்காரர் கேட்டார்.
காசு கொடுக்க மறந்துபோனேன்.
புவி மறக்கவில்லை, அது வேறு கதை.

இதை நான் எழுதினேன் என்று சொல்லலாமா தெரியவில்லை.
ஐந்து மாதம் சுமந்தது நான்.
இறக்கிவைத்தது ஒரு கழன்ற கம்பி.

சனிக்கிழமை, மூன்றாவது பிறந்தநாளுக்கும்
நான்காவதற்கும் இடையே
பிளேட் எடுக்கும் சத்தத்துக்குள் நுழைத்து வாசித்தோம்.
இரண்டு நிமிடம் பத்து வினாடி.
எட்டாம் நம்பர் மேசைக் குழந்தை
கூடவே கரண்டியால் தட்டிப் பார்த்தது.
இடறியது.
நிமிர்ந்து என்னை முறைத்தது.
கைதட்டல் யாரும் தரவில்லை,
அந்த முறைப்பைத்தான்
கடைசி பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அதற்குமுன் மேனேஜர் வந்தார்.
'என்ன சாரா, கட்டை ஒட்டிக்குதா?
நடுவுல நடுவுல நொண்டுதே.'
'ஈரம் சார்' என்றேன்.
'அடுத்த வாரத்துக்குள்ள சரி பண்ணிடு.'

புவி குனிந்து பெட்டிக்குள் சிரித்தான்.

திங்கட்கிழமை பாலாடாவுக்கு
மெக்கானிக் வருகிறாராம், வெல்டிங் சாமானோடு.
அதற்குள் இன்னொரு தடவை போக வேண்டும்,
மீதிக் காசையும் எடுத்துக்கொண்டு.
அந்த அரை
சரியாக எவ்வளவு என்பது
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.